அதே ஆளை மறுபடியும் மன்னிப்பது எப்படி? விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மன்னிக்க வேண்டும் என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். மன்னித்த ஆளே அடுத்த வாரம் அதையே செய்தால் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லித்தருபவர்கள் குறைவு. அதனால் புதிதாக வந்தவர்களில் பலர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, ஒரு நாள் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் வெடிக்கிறார்கள். வேறு சிலர் "மன்னிக்கிற மனசு நமக்கு வாய்க்கலை" என்று முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வெவ்வேறான இரண்டு வேலைகளை ஒரே வேலை என்று நினைத்துக்கொள்கிறோம்.

எந்த வேலை என்று முதலில் பிரியுங்கள்

குற்றம் ஒன்றுதான், முடிந்தும் போய்விட்டது, ஆனால் மனதில் திரும்பத் திரும்ப எழும்புகிறது: இது ஒரு வகை. அதே ஆள் மறுபடியும் மறுபடியும் புதிதாகக் குற்றம் செய்கிறார்: இது இன்னொரு வகை. முதலாவதில் வேலை முழுவதும் உங்களுக்குள்ளேயே நடக்கிறது, அந்த ஆளுக்குத் தெரியவே வேண்டியதில்லை. இரண்டாவதில் அவரோடு பேசவும், சில நேரம் எல்லை போடவும் வேண்டியிருக்கும். பழைய காயம் எழும்பும்போதெல்லாம் போய் அவரிடம் பேசினால் உறவு நைந்துபோகும். புதுக் குற்றம் நடக்கும்போதெல்லாம் அறைக்குள் ஜெபித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் திருந்த வாய்ப்பே இருக்காது.

முதல் வகைக்கு யோசேப்பைப் பாருங்கள். தன்னை விற்ற சகோதரர்களை ஆதியாகமம் 45இல் அழுது கட்டிக்கொண்டார். அதன்பின் அவர்கள் அப்பா யாக்கோபு எகிப்தில் 17 வருடம் இருந்து மரித்தார். அடக்கம் முடிந்ததும் சகோதரர்களுக்குப் பயம் வந்தது: அப்பா போய்விட்டார், இனி பழிவாங்குவானோ? ஆள் அனுப்பி மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்கள். யோசேப்பு மறுபடியும் அழுதார், மறுபடியும் அதையே சொன்னார், கூடவே அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பதாக வாக்குக் கொடுத்தார் (ஆதியாகமம் 50:15-21). குற்றம் ஒன்று, மன்னிப்பு இரண்டு தடவை, நடுவில் 17 வருடம். ஒருமுறை மன்னித்தது இன்னொருமுறை சொல்ல வேண்டிவந்தால் முதல் மன்னிப்பு பொய் என்று அர்த்தமில்லை.

இரண்டாம் வகைக்குத் தாவீது. அவரைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜா எங்கேதியில் ஒரு குகைக்குள் தனியாக அகப்பட்டபோது, தாவீது சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிட்டார் (1 சாமுவேல் 24). சவுல் சத்தமிட்டு அழுதார், "நீ என்னைப்பார்க்கிலும் நீதிமான்" என்றார், பிறகு மறுபடியும் படையோடு வந்தார். சீப் வனாந்தரத்தில் அவர் தூங்கும்போது தலைமாட்டில் இருந்த ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் தாவீது எடுத்துக்கொண்டு எதிர்மலைக்குப் போனார். இருவருக்கும் நடுவே தூரம் இருக்கும்படி நின்றுகொண்டுதான் பேசினார். "நான் பாவஞ்செய்தேன், திரும்பி வா" என்றார் சவுல். தாவீது என்ன செய்தார்? ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. "வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து அதை வாங்கிக்கொண்டு போகட்டும்" என்றார். பிறகு தன் வழியே போனார், சவுலோடு அரண்மனைக்குத் திரும்பவில்லை (1 சாமுவேல் 26). பழிவாங்கவில்லை, பகை பாராட்டவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்கவும் இல்லை. இந்த மூன்றும் ஒரே மனிதனிடம் ஒரே நாளில் இருக்க முடியும்.

490 என்ற கணக்கு

சகோதரன் குற்றம் செய்தால் எத்தனைதரம் மன்னிப்பது என்று இயேசுவிடம் பேதுரு கேட்டது "ஏழுதரமட்டுமோ?" என்று. கிடைத்த பதில் "ஏழெழுபதுதரமட்டும்" (மத்தேயு 18:21-22). பெருக்கினால் 490. லூக்கா 17:4 ஒரு நாளில் ஏழுதரம் என்கிறது. அந்த வேகத்தில் போனால் 490 எழுபதே நாளில் தீர்ந்துவிடும், 71ஆம் நாள் கையை ஓங்கலாமா? இது எண்ணி முடிக்கிற கணக்கு அல்ல என்பது கேட்ட பேதுருவுக்கே புரிந்திருக்கும். ஆதியாகமம் 4:24இல் காயீன் வம்சத்தில் வந்த லாமேக்கு தனக்காக எழுபத்தேழு பழி சுமரும் என்று பெருமை பேசுகிறான். பழியில் அவன் ஏற்றிய எண்ணுக்கு இயேசு மன்னிப்பில் பதில் சொல்கிறார் என்று பல உரைகாரர்கள் காட்டுவார்கள்.

உண்மையில் நாம் கவனிக்க வேண்டிய எண்கள் அடுத்து வருகிற உவமையில் இருக்கின்றன. ராஜா ஊழியக்காரனுக்கு விட்டுக்கொடுத்த கடன் 10,000 தாலந்து. அவன் உடன்வேலைக்காரன் அவனுக்குத் தரவேண்டியது 100 வெள்ளிப்பணம், அதைக் கேட்டு அந்த ஊழியக்காரன் அவன் கழுத்தை நெரித்தான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2), ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். இன்றைக்குக் கூலி நாளுக்கு 700 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். சின்னக் கடன் 70,000 ரூபாய். பெரிய கடன் 4,200 கோடி.

பிரசங்கங்களில் பெரும்பாலும் 4,200 கோடியைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த 70,000மும் முக்கியம். கூலி வேலை செய்கிற வீட்டில் மூன்று மாதச் சம்பளம் போவது சின்ன நஷ்டம் இல்லை. உங்களுக்கு நடந்தது அற்ப விஷயம் என்று இயேசு சொல்லவில்லை. நஷ்டம் நிஜம், ஆனால் அதைக் கேட்டு ஒருவன் கழுத்தை நெரிக்கிற உரிமை 4,200 கோடி தள்ளுபடி வாங்கியவனுக்கு இல்லை என்கிறார். இந்த இரண்டு பாதியில் ஒன்றை விட்டாலும் மன்னிப்பு கோணலாகும். நஷ்டத்தை மறுத்தால் பாசாங்கு. தள்ளுபடியை மறந்தால் கழுத்தை நெரிப்பது.

படி 1: ஒரு தாளில் ஐந்து வரி

யார், என்ன செய்தார், எப்போது, நான் இழந்தது என்ன, எத்தனையாவது தடவை. அவ்வளவுதான். ஐந்து வரிக்கு மேல் போனால் வழக்கு நடத்த ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பொருள். உதாரணத்துக்கு:

"என் தம்பி, ஜூன் மாதம், பைக் ரிப்பேர் என்று 15,000 வாங்கினான். பைக்குக்கு ஒன்றுமில்லை, சொன்னது பொய். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட என் மனைவி வளையலை அடகு வைத்தோம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். இது மூன்றாவது தடவை."

இதை எழுதும்போதுதான் நான்காவது வரி வெளியே வரும். பணம் போனதைவிட மனைவி முன் கூனிக்குறுகியதுதான் அவருக்கு ஆறாமல் இருந்திருக்கிறது. எது வலிக்கிறது என்று தெரியாமல் மன்னித்தால் வேறு எதையோ மன்னித்துவிட்டு வருகிறோம், அசல் காயம் அப்படியே உள்ளே கிடக்கும். "மன்னிச்சேன், ஆனா ஏன்னு தெரியல, அவனைக் கண்டாலே எரியுது" என்பவர்களில் பலருடைய சிக்கல் இதுதான்.

தடவைகளை எண்ணலாமா என்று சிலர் கேட்பார்கள். பழிவாங்க எண்ணக்கூடாது. பாதுகாத்துக்கொள்ளக் கவனித்துக்கொள்ளலாம். "கன்னானாகிய அலெக்சந்தர் எனக்கு வெகு தீமைசெய்தான்" என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று தீமோத்தேயுவை எச்சரிக்கிறார். அதற்கடுத்த வசனத்தில் தன்னைக் கைவிட்டுப் போனவர்களைக் குறித்து, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று ஜெபிக்கிறார் (2 தீமோத்தேயு 4:14-16).

தாளை அடுத்த படி முடிந்ததும் கிழித்துவிடுங்கள், வீட்டில் யார் கையிலாவது கிடைத்தால் அது புதுச் சண்டை. ஆனால் கடன் பத்திரம், வங்கி ரசீது, மிரட்டல் மெசேஜ் போன்றவை வேறு. அவற்றை அழிக்க வேண்டாம்.

படி 2: ஆளிடம் போகுமுன் தேவனிடம்

மாற்கு 11:25 இதை ஜெப நேரத்துக்கு வைக்கிறது: "நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது, ஒருவன் பேரில் உங்களுக்கு யாதொரு குறை உண்டாயிருக்குமானால்... அந்தக் குறையை அவனுக்கு மன்னியுங்கள்." அந்த ஆள் அங்கே இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. லூக்கா 17:3 வேறு மாதிரி சொல்கிறது: கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி. இரண்டும் முரண் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். பழிவாங்கும் உரிமையைத் தேவன் கையில் ஒப்படைப்பது (ரோமர் 12:19) யார் மனந்திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் இன்றைக்கே செய்யக்கூடியது. உறவை மறுபடி கட்டுவதற்கு அவரும் வரவேண்டும். அவர் வராதவரை முதலாவதை மன்னிப்பு என்றே சொல்லலாமா என்பதில் போதகர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எப்படிப் பெயர் வைத்தாலும் செய்யவேண்டிய வேலை மாறாது.

பத்து நிமிடம் போதும். தாளை வாசியுங்கள், வாய்விட்டு, தனியாக. பிறகு ஒரே வாக்கியம்: "ஆண்டவரே, தம்பி பொய் சொல்லி என் மனைவி முன் என்னைக் கூசவைத்ததை மன்னிக்கிறேன், அவனுக்குத் திருப்பிச் செய்கிற உரிமையை உம்மிடம் விடுகிறேன்." குற்றத்தைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "எல்லாவற்றையும் மன்னிக்கிறேன்" என்பது எதையும் தொடாது.

வாய் வரவில்லையா? வராததையே சொல்லுங்கள். சங்கீதம் 55 நண்பனால் ஏமாந்தவரின் ஜெபம்: "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்." அதை வாசித்துவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொண்டு மறுநாள் மறுபடி உட்காரலாம். உணர்ச்சி வரட்டும் என்று காத்திருப்பதுதான் தவறு. தீர்மானம் முன்னால் போகும், உணர்ச்சி பின்னால் வந்து சேரும், சில நேரம் வெகு தாமதமாக.

படி 3: தனியாகப் போய்ப் பேசுவது

புதுக் குற்றத்துக்கு மட்டும். மத்தேயு 18:15 முறையைச் சொல்லிவிட்டது: "நீயும் அவனும் தனித்திருக்கையில்." ஊர்ப்பக்கம் இதைத்தான் முதலில் மீறுகிறோம். மாமாவிடம் சொல்லி, அவர் அத்தையிடம் சொல்லி, பேசவேண்டிய ஆளுக்கு விஷயம் நான்கு வாய் மாறிப் போய்ச்சேரும். இதைவிட மோசம் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வீட்டுக்கூட்டத்தில் சொல்வது. "நம்ம சகோதரி ஒருத்தங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க, பேர் சொல்ல விரும்பல" என்றாலே அங்கே பாதிப்பேருக்கு யார் என்று தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குத்தலான வசனம் போடுவதும் இதே கணக்குதான்.

நேரம்: இருவரும் சாப்பிட்டிருக்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது, விசேஷ வீடு வேண்டாம். எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்கிறது. வழக்கையே அன்றிரவு முடிக்கச் சொல்லவில்லை. இரவு 11 மணிக்கு, களைத்துப்போய், "இப்பவே பேசித் தீர்த்துக்கணும்" என்று உட்கார்ந்த பேச்சு பெரும்பாலும் இரண்டாவது சண்டையில்தான் முடியும். எரிச்சலை இரண்டாம் படியில் இறக்கிவைத்துவிட்டுத் தூங்கி, காலையில் பேசுங்கள்.

பேச்சு மூன்று வாக்கியம். நடந்தது, அது எனக்கு என்ன செய்தது, இனி என்ன வேண்டும். மாமியாரிடம் மருமகள் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"அத்தை, நேத்து ஸ்தோத்திரக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எங்க அம்மா ஒண்ணுமே போடலைன்னு சொன்னீங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு, ராத்திரி சாப்பிடவே முடியல. அம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லணும்னா என்கிட்ட தனியா சொல்லுங்க அத்தை."

இதில் "எப்பப் பார்த்தாலும்" இல்லை, "உங்க குணமே இப்படித்தான்" இல்லை, ஏற்கெனவே மன்னித்த பழைய கதை எதுவும் இல்லை. நேற்று நடந்தது மட்டும். பழைய கதையை எடுத்த நிமிடம் எதிரில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்லப் போய்விடுவார், நேற்றைய விஷயம் தப்பித்துவிடும். திரும்பத் திரும்ப நடப்பதே சிக்கல் என்றால் அதையே பேச்சாக வையுங்கள்: "தம்பி, இது மூணாவது தடவை. அதனாலதான் இப்ப பேசுறேன்."

கேட்கவில்லை என்றால் இருவரும் மதிக்கிற ஒருவர் அல்லது இருவரோடு போவது, அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குச் சொல்வது என்று 16, 17ஆம் வசனங்கள் போகின்றன. கூட்டிப்போகிற ஆள் உங்கள் கட்சிக்காரராக இருக்கக்கூடாது. கமிட்டி தேர்தல் நேரத்தில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அவர் மன்னிப்பே கேட்காதபோது நேரில் போய் "நான் உங்களை மன்னிச்சிட்டேன்" என்று அறிவிக்காதீர்கள். தான் ஏதும் தவறு செய்யவில்லை என்று நினைப்பவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். தேவனிடம் சொன்னது தேவனிடம் இருக்கட்டும்.

படி 4: அவர் கேட்டால்

"மன்னிச்சிட்டேன்" என்று வாயால் சொல்லுங்கள். "பரவாயில்ல, விடுங்க" என்பது வேறு. அது நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்கிறது, கேட்டவருக்கும் பாரம் இறங்காது. லூக்கா 17:4இல் அவன் வந்து "மனஸ்தாபப்படுகிறேன்" என்று சொன்னாலே போதும், நிஜமாகத்தான் வருந்துகிறானா என்று சோதிக்கும்படி அங்கே சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் அப்போஸ்தலர்கள் "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று கேட்டதில் ஆச்சரியமே இல்லை.

படி 5: நம்பிக்கை தனிக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மன்னிப்பை அவர் கேட்டதுமே கொடுத்துவிடலாம். நம்பிக்கையை அவர் நடக்கிற நடையைப் பார்த்துத்தான் கொடுக்க முடியும். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான் ஸ்நானகன் கேட்டார் (மத்தேயு 3:8). கனி ஒரு நாளில் காய்ப்பதில்லை. பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்குவை அடுத்த பயணத்துக்குக் கூட்டிப்போக பவுல் மறுத்தார், அதற்காகப் பர்னபாவோடு கடுங்கோபமாகிப் பிரிந்தே போனார் (அப்போஸ்தலர் 15:37-39). வருடங்கள் கழித்து அதே பவுல் "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). நடுவில் மாற்கு எங்கேயோ வேலை செய்துகொண்டிருந்தார்.

தம்பி விஷயத்தில் இதை எப்படிச் செய்வது? முதலில் அந்த 15,000ஐ என்ன செய்யப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். ஒன்று, தள்ளுபடி: "அது போகட்டும்டா, இனி கேட்கமாட்டேன்" என்று அவனிடமே சொல்லிவிட்டு, மனைவியிடமும் சொல்லிவிட்டு, கணக்கை மூடுவது. அல்லது தவணை: மாதம் 1,500, பத்து மாதம், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. பொய்யை மன்னித்துவிட்டுப் பணத்தைக் கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. குழப்பம் வருவது நடுவில் நின்றால்தான். "இருந்தா குடு, இல்லாட்டி பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு மாதமும் மனதுக்குள் எதிர்பார்ப்பது கசப்பை வட்டிபோட்டு வளர்க்கும்.

அடுத்தமுறை அவன் கேட்டால் கையில் பணம் தராமல் தேவையை நேராகக் கட்டுங்கள்: மெக்கானிக்கிடம், மருந்துக்கடையில், கரண்ட் பில்லுக்கு. அதுவும் முடியாதென்றால் முடியாது என்று சொல்லலாம். "இனி கடன் தரமாட்டேன்டா, ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்பது முழு மன்னிப்புதான். எல்லையை முன்கூட்டியே அமைதியாகச் சொல்ல வேண்டும். கோபத்தில் போட்ட எல்லையைக் கோபம் தணிந்ததும் நாமே எடுத்துவிடுவோம், பிறகு நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

"கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" (ரோமர் 12:18). அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கூடாமலும் போகலாம், நம்மாலானது முடிந்தும் போகலாம்.

படி 6: திரும்ப எழும்பும்போது

எழும்பும், நிச்சயம். அவர் நம்பர் போனில் வரும்போது, அதே போன்ற ஒரு விசேஷத்தில், உடம்பு அசந்திருக்கும்போது, இரவு படுத்ததும். எழும்பியவுடன் செய்ய வேண்டியது ஒரு மூச்சில் முடிகிற ஜெபம்: "இதை உம்மிடம் கொடுத்துவிட்டேன் ஆண்டவரே, இப்பவும் கொடுக்கிறேன்." அதோடு எழுந்து கைவேலை ஏதாவது பாருங்கள். அவர் என்ன சொன்னார், நாம் என்ன சொல்லியிருக்கலாம் என்று வசனம் எழுதத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் காயம் புதிதாகிவிடும். ஒரே நாளில் இருபது தடவை வந்தால் இருபது தடவையும் அதே ஜெபம். ஏழெழுபது அதிகம் செலவாவது இந்தப் படியில்தான்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒன்றைச் சேருங்கள்: அவருக்காக ஒரு நன்மை, குறிப்பாக. "ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்வது சுலபம், பயன் குறைவு. "அத்தைக்கு சுகர் குறையணும், கால் புண் ஆறணும்" என்று கேளுங்கள். மத்தேயு 5:44 சொல்வது இதைத்தான். வெறுப்போடு ஒருவர் கால் புண்ணுக்காக நெடுநாள் ஜெபிக்க முடியாது. ஜெபமாவது நிற்கும், வெறுப்பாவது நிற்கும்.

நினைவு அழிந்துபோக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்னேற்றத்துக்கு வேறு அடையாளங்கள் உண்டு. அவர் பேச்சு வந்தால் "ஆனா அவங்க..." என்று வால் சேர்க்காமல் கேட்க முடிகிறதா? அவருக்கு ஒரு நஷ்டம் என்று கேள்விப்பட்டபோது உள்ளே சந்தோஷம் வராமல் இருந்ததா? (நீதிமொழிகள் 24:17 அந்தச் சந்தோஷத்தைத்தான் கண்டிக்கிறது.) மூன்று மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒரு நாள் பழையபடி கொதித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், இந்தப் படியிலேயே தொடருங்கள்.

வாராந்திர ஒழுங்கு

கர்த்தருடைய ஜெபத்தில் ஐந்தாவது விண்ணப்பம் மன்னிப்பு. அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, பெயரை மனதுக்குள் சொல்லிவிட்டுத் தொடருங்கள். திருவிருந்துள்ள ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கி, யாரோடு என்ன பாக்கி என்று பாருங்கள். காணிக்கையை வைத்துவிட்டு முன்பு போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:23-24, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் ஆரம்பிக்கிறது. அதாவது தவறு உங்கள் பக்கம் இருக்கும் விஷயம். அதை முதலில் முடியுங்கள். ஒருவர்மேல் கோபம் என்று மாதக்கணக்கில் திருவிருந்துக்குப் போகாமல் இருப்பது ஒரு போராட்டமாகவே மாறிவிடும், அதற்குமுன் போதகரிடம் பேசுங்கள்.

கத்தோலிக்கர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் தங்கள் கசப்பை அறிக்கையிட வேண்டும், நாத்தனாரின் பாவங்களை அல்ல. குருக்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார்கள். கேரளத்தின் யாக்கோபாயச் சபைகளில் பெரிய நோன்பு தொடங்கும்போது சுப்கோனோ என்ற ஒப்புரவு ஆராதனை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் முறை. உங்கள் சபையில் அப்படி இல்லையென்றாலும் குடும்பத்தில் நோன்பு தொடங்கும் அன்று செய்யலாம்.

அடி, மிரட்டல், பாலியல் குற்றம் என்றால்

மேலே சொன்ன மூன்றாம் படி இங்கே பொருந்தாது. தனியாகப் போய்ப் பேசாதீர்கள். முதலில் பாதுகாப்பான இடம், பிறகு மற்றதெல்லாம். "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு வேதத்துல இருக்கே" என்று அடித்தவரே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வார்த்தை புண்பட்டவனுக்குச் சொன்னது, புண்படுத்தியவன் கையில் கொடுத்த சீட்டு அல்ல. அதே 18ஆம் அதிகாரம் சிறியவர்களுக்கு இடறல் செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று சொல்லிவிட்டுத்தான் மன்னிப்புக்கு வருகிறது.

இந்தியாவில் பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. இலங்கையில் பெண்களுக்கு 1938, குழந்தைகளுக்கு 1929. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் அதைப் போலீஸில் தெரிவிப்பது இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டப்படி கடமை. சபைக் கமிட்டி அதைச் சமாதானம் பேசி மூட முடியாது.

புகார் கொடுப்பது மன்னிப்புக்கு எதிரானதல்ல. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவர் மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமோத்தியும் ஜீப்புக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு அதன் வழியில் நடந்தது, முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. 1981இல் தன்னைச் சுட்ட அலி ஆக்காவைப் போப் இரண்டாம் ஜான் பால் 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ச் சந்தித்தார். ஆக்கா இத்தாலியச் சிறையிலிருந்து வெளியே வந்தது 2000இல்தான். மன்னித்தவர் மன்னித்தார், நீதிமன்றம் தன் வேலையைப் பார்த்தது.

திரும்பத் திரும்பச் செய்கிறவர் நீங்களே என்றால்

மன்னிப்புக் கேட்கும்போது "ஏதாவது தப்பா பேசியிருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன பேசினீர்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லுங்கள். "நீங்களும் அப்ப..." என்று முடிக்கவும் வேண்டாம். உடனே பழையபடி இருக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் எல்லை போட்டால் அதை மதிப்பதும் மனந்திரும்புதலில் சேர்ந்தது. பணமோ பொருளோ எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்: லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது, வரி வசூலித்த சகேயு நாலு மடங்காய்க் கொடுப்பேன் என்றான். 15,000க்கு ஐந்தில் ஒரு பங்கு 3,000. மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 1,000 ஆனாலும் சொன்ன தேதியில் கொடுங்கள், ஒரு மாதம் முடியாமல் போனால் அவர் கேட்குமுன் நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.